கண்ணை மூடுங்க, அண்ணே

"கலியாணம் கட்டுன நாள்லயிருந்து இவருக்கு நல்ல தூக்கமே இல்லீங்க சார்," என்றாள் லோஜினி. "பாதி ராத்திரியில எந்திரிச்சு லைட்டப் போடுறாரு. லயத்துல பக்கத்து வீட்டுல எவனாவது வெடி போட்டா ஓடிப்போய்க் கதவச் சாத்துறாரு. போன திருவிழாவுல மேளக்காரங்களையே வெரட்டிவிட்டாரு. சாமி நடுவழியில நிக்குது!"

பக்கத்தில் அவள் கணவன் அழகுமுத்து கொட்டாவியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிரதாப்புக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. உளவளத்துணையாளர் பயிற்சி முடித்து அவனுக்கு இது முதல் நாள். ஹட்டனில் முன்னாள் இராணுவத்தினருக்கு நடந்த அந்த இலவச முகாமில், காலையிலிருந்து வந்த நான்கு பேரும் முழங்கால் வலிக்குத் தைலம்தான் கேட்டார்கள். இதோ, புத்தகத்தில் படித்த அத்தனை அறிகுறிகளோடும் ஒருவர்!

"அண்ணே, சண்டை நேரம் வன்னியில எந்தப் பக்கம் இருந்தீங்க?"

"நான் வன்னியப் பாத்ததே இல்லீங்க சார். நானுஓயா தாண்டுனாலே எனக்கு வாந்தி வந்துரும்."

'நடந்ததை ஏற்க மறுக்கிறார்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான் பிரதாப்.

"துப்பாக்கி தூக்குன ஞாபகமாவது இருக்கா?"

"தேயிலைக்கு மருந்தடிக்கிற டாங்கி தூக்கியிருக்கேன்."

'முற்றிய நிலை.' இந்த முறை மூன்று கோடு.

லோஜினி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிரதாப் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். மனைவிமாரைப் பேசவிட்டால் நோயாளி வாயே திறக்கமாட்டார் என்பது அவன் கணக்கு.

வெளியே யாரோ இரும்புக் கதவை அறைந்து சாத்தினார்கள். லோஜினி உட்கார்ந்திருந்த கதிரையோடு சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள். அழகுமுத்து பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

'பாவம், சத்தம் கேட்டால் பிடிமானம் தேடுகிறார்' என்று அதையும் குறித்துக்கொண்டான் பிரதாப்.

"கண்ண மூடுங்க, அண்ணே. மூச்ச உள்ள இழுங்க... மெதுவா விடுங்க. ஒண்ணுக்கும் பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்."

மூன்றாவது மூச்சில் குறட்டை கிளம்பியது. கொழுந்து அரைக்கிற மெஷின் தோற்றது.

"பாத்தீங்களா அக்கா! மருந்தில்ல, மாத்திரையில்ல!" பெருமை தாங்காமல் பதிவுத்தாளை இழுத்தான் பிரதாப். "சரி, இவரோட ஆமி நம்பரச் சொல்லுங்க."

லோஜினி, தொங்கிய கணவனின் தலையை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"மெதுவாப் பேசுங்க சார், மனுசன் தூங்கட்டும். ராத்திரியில நான் கத்துற கத்துலதான் இவரு தூக்கமே போச்சு."

பிரதாப்பின் பேனா நின்றது.

"ஆமியில இருந்தவ நான், சார்."