ஓசையில்லாத பென்ஸ்

தாம்பரம் சர்ச் வாசலில், மாப்பிள்ளையின் முதலாளி கொடுத்தனுப்பிய கறுப்பு பென்ஸின் பின்சீட்டில் மணப்பெண் ஹெப்சிபா உட்கார்ந்திருக்கிறாள். கதவு சாத்தியதும் பேண்டு வாத்தியமும் ஜிஎஸ்டி ரோட்டு ஹாரன்களும் தண்ணீருக்கடியில் போய்விடுகின்றன. ஏசிக் குளிரில் தோல் சீட்டின் வாசனை. முன்னால் டேஷ்போர்டில் பளபளக்கும் மரப்பலகையில் அவளுடைய வெள்ளைப் புடவை மங்கலாக மிதக்கிறது. வெளியே அம்மா தபீதாளின் உதடுகள் அசைகின்றன, குரல் வரவில்லை. கண்ணாடியை இறக்கச் சுற்றும் கைப்பிடியைத் தேடுகிறாள் ஹெப்சிபா. கதவெல்லாம் வழவழப்புதான், கைப்பிடியே இல்லை. அதற்குள் அம்மா, முகம் இவளைப் பார்த்தபடியே, மெல்லப் பின்னால் நகர்ந்துபோகிறாள். "அண்ணா, இப்ப கெளம்பாதீங்க. அம்மா என்னமோ சொல்றாங்க." டிரைவர் திரும்பாமல் தணிவாகச் சொல்கிறார்: "வண்டி அப்பவே கெளம்பிடுச்சும்மா. போய்கினு கீது."