கால் கட்டைவிரல்

"ஏறுறவங்க ஏறலாம்" என்று அப்பா வண்டியின் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

ஏறினேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்ட நாளிலிருந்து அப்பா இப்படித்தான். திட்டவில்லை, அடிக்கவில்லை. என் பெயரைச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார். சாப்பிடுறவங்க சாப்பிடலாம். மோட்டாரை நிறுத்துறவங்க நிறுத்தலாம். வீட்டில் யாரோ முகம் தெரியாத விருந்தாளி தங்கியிருப்பதுபோல.

இளவேனில் என்று ஆசை ஆசையாகப் பெயர் வைத்தவருக்கு அது மறந்துபோய்விட்டதா என்று அம்மா குத்திக்காட்டுவாள்.

இன்றைக்கு அம்மாதான் என்னோடு வந்திருக்க வேண்டும். ரத்தத்தைப் பார்த்தால் அவளுக்கு மயக்கம் வரும். அதனால் அப்பா.

எங்கள் ஊர் குரும்பகரத்திலிருந்து காரைக்கால் வரும்வரை அப்பா சாலையைப் பார்த்தே ஓட்டினார். பள்ளம் வந்தால் மட்டும் வண்டியை மெதுவாக இறக்கி ஏற்றினார். அப்படியும் ஒவ்வொரு குலுக்கலும் என் கடைவாய்ப் பல்லில் போய் இடித்தது.

பல் டாக்டர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். ஊசியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த நாற்காலி பின்னால் சாய்கிறதே, அதுதான் முடியாது. தலை கீழே போய், கால் மேலே வந்து, பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் ஆகிவிடும்.

முன்பெல்லாம் அக்கா கூட வருவாள். கையைப் பிடித்தால் டாக்டருக்கு இடைஞ்சல் என்று கால்மாட்டில் போய் நிற்பாள். என் வலது கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு வலிக்கும்போது அவள் அழுத்துவாள். வலி போனால் லேசாக ஆட்டிவிடுவாள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது.

இப்போது அக்கா பிரான்சில் இருக்கிறாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனவள்.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவின் போனுக்குப் பேசினாள். அப்பா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். வெகுநேரம் அங்கேயே நின்று பேசினார். எனக்குத் தரவேயில்லை. நானும் கேட்கவில்லை. எழுந்து நின்று பாடத்தை வாசி என்றால் குரல் வராமல் பள்ளிக்கூடத்தையே விட்டவள், எப்படிக் கேட்பேன்?

பல் ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. மாடிப்படியில் செல்லம்மா என்கிற ஆயா தண்ணீர் வாளியோடு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி மேலே போனால் காத்திருக்கும் கூடம். அதில் செருப்போடு உட்காரலாம். டாக்டரின் அறைக்குள் போகிறவர்கள் மட்டும் வாசலில் கழற்றிப் போட வேண்டும்.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து, வார் அறுந்து கம்பி கட்டிய செருப்புக் காலை நீட்டிக்கொண்டு, பேப்பரை விரித்தார். என்னைக் கூப்பிட்டபோது 'போறவங்க போகலாம்' என்றுகூடச் சொல்லவில்லை.

ஆரிபா டாக்டர் என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"கண்ண மூடிக்கம்மா. பாக்காம இருந்தா பாதி வலி தெரியாது."

மூடிக்கொண்டேன். நாற்காலி சாய்ந்தது. விளக்கு வெளிச்சம் இமைக்குள்ளும் சிவப்பாக வந்தது. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து வேறு யாருடையதோ போல ஆனது. இடுக்கி பல்லைக் கவ்வியதும் எழுந்து ஓடிவிடத் தோன்றியது. ஓடியிருப்பேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அப்போது என் வலது கால் கட்டைவிரலை யாரோ பிடித்தார்கள்.

டாக்டரின் இரண்டு கைகளும் என் வாயில் இருந்தன. நர்ஸ் என் காதருகே நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்தாள். அப்படியானால் செல்லம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கை சொரசொரப்பாக இருந்தது.

பிடிக்கத் தெரியாத பிடி. அக்காவைப் போல அழுத்தவோ ஆட்டவோ இல்லை. விட்டால் நான் எங்கேயோ போய்விடுவேன் என்பதுபோல ஒரேயடியாக இறுக்கியிருந்தது. விரல் வலித்தது.

கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம். திறக்கவில்லை. திறந்தால் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. பல்லைப் பற்றிய பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பல் வந்துவிட்டது. டாக்டர் பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார். நாற்காலி நிமிர்ந்தபோது கால்மாட்டில் யாரும் இல்லை. கீழே, மாடிப்படியிலிருந்து, செல்லம்மா வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தேன். அப்பா அதே நாற்காலியில் அதே பேப்பரோடு இருந்தார். தலை நிமிரவில்லை.

வாசலில் குனிந்து என் செருப்பைத் தேடினேன். அதன் பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது. ஒன்று ஒரு பக்கம், இன்னொன்று ஒரு பக்கம், அவசரத்தில் உதறியதுபோல. ஒன்றின் வாரில் கம்பி கட்டியிருந்தது.

அப்பாவின் கால்களைப் பார்த்தேன். வெறுங்கால். நான் பார்ப்பது எப்படியோ தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அந்தச் செருப்பை எடுத்துவந்து அவர் நாற்காலிக்கு முன்னால் சேர்த்து வைத்தேன். பேப்பரை விலக்காமலேயே காலை நுழைத்துக்கொண்டார்.

கீழே வந்து வண்டியைக் கிளப்பிவிட்டு, ஏறுறவங்க ஏறலாம் என்றார். கண்ணாடியைப் பார்த்துத்தான்.

ஏறினேன்.

வீடு வரும்வரை என் நாக்கு, மரத்துப்போகாத பக்கத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. ஒன்றாவது வலிக்காதா என்று.