பியானோ மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த உதயகுமார் படகை விட்டு இறங்கியதும், பெண்ணின் அப்பா துளசிங்கம் சரவெடி கொளுத்தி வரவேற்றார். வீட்டில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தார்.

"பழவேற்காட்டுல படகு சட்டுனு கெடைச்சிச்சா தம்பி?"

உதயகுமார் சிரித்தான்.

"டீ சாப்பிடுறியா?"

மறுபடி அதே சிரிப்பு.

துளசிங்கம், கூட வந்திருந்த கல்யாணத் தரகரை அடுப்படிக்கு இழுத்துப் போனார்.

"இன்னாய்யா, பெரிய கச்சேரி மண்டபத்துல பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற பையன்னு சொன்ன? செவிடன் எப்படிய்யா சுருதி சேர்ப்பான்?"

"போன்ல நல்லாத்தானே பேசுனாரு!" தரகர் விழித்தார்.

"இந்தச் சம்பந்தமே வேணாம். கெளம்பச் சொல்லு!"

போட்டோ பார்த்த அன்றே மனசைப் பறிகொடுத்திருந்த ஐஸ்வர்யா, டீ கொடுக்கும் சாக்கில் கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

"நைனா, அவரு ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சிக்கினு இருக்காரு!"

துளசிங்கம் ஓடிப்போய்ச் சைகை காட்ட, உதயகுமார் அவசரமாகப் பஞ்சை எடுத்தான்.

"மன்னிச்சிடுங்க மாமா. படகு இன்ஜின் சத்தத்துக்காக வெச்சேன். எறங்குனா உங்க வெடி! காது அடைச்சிக்கிச்சின்னா நாளைக்குப் பியானோவைத் தொட முடியாது."

"வெடிதான் முடிஞ்சிச்சே?"

உதயகுமார் வாசலைப் பயத்தோடு காட்டினான். "இன்னொரு சரம் தொங்குதே மாமா!"

"அது நிச்சயம் ஆனா வெடிக்கிறதுக்கு!" துளசிங்கம் சிரித்தபடி சரத்தைக் கழற்றிச் சுருட்டினார்.

அடுப்படியில் ஐஸ்வர்யா அம்மாவின் காதோடு கிசுகிசுத்தாள்.

"எனக்குச் சம்மதம். அந்த மீசையை மட்டும் எடுக்கச் சொல்லும்மா."

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"எடுத்துடுறேங்க!"