கூப்பிடு தூரம்

"பக்கத்து வீடு எவ்வளவு தூரம்னு கேட்டேனே?" என்றான் அழகிரி. மனைவியின் தலையில் வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டேதான் கேட்டான்.

"ஒரு கூப்பிடு தூரங்க, மேஸ்திரி," என்றார் வீட்டுத் தரகர் காத்தமுத்து.

பொன்னுத்தாய்க்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. தாலிக்கயிற்றில் இன்னும் மஞ்சள் மங்கவில்லை. மணப்பாறையில் அவளுடைய அக்கா புருஷன் கொட்டுகிற மழையில்கூடக் குடையைத் தான் மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். இவர் வெயிலுக்கே இந்தப் பாடு படுகிறார்!

ஆனால் வீடுதான் அவளைப் பயமுறுத்தியது. திருவானைக்காவலைத் தாண்டி, வாழைத் தோட்டத்துக்கு நடுவில் ஒற்றை ஓட்டு வீடு. பின்னால் ஒரு கிணறு. இலைகள் உரசுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. அவர் ரோடு வேலை என்று அடிக்கடி வெளியூர் போய்விடுவார். இங்கே தன்னந்தனியாக எப்படி இருப்பது?

மலைக்கோட்டை அடிவாரத்தில் இப்போது குடியிருக்கும் பல குடித்தன ஸ்டோர் வீடே தேவலை. அங்கே அவள் தும்மினால் அடுத்த போர்ஷனிலிருந்து 'நூறு ஆயுசு' என்று குரல் வரும். அந்த நெரிசல்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"கூப்பிடு தூரம்னா என்ன கணக்கு?" என்றான் அழகிரி. "நான் காண்ட்ராக்டர் கிட்ட ரோடு அளக்கறவன். அடியில சொல்லுங்க, பர்லாங்குல சொல்லுங்க. புதுசா வந்திருக்கே மீட்டர், அதுல வேணும்னாலும் சொல்லுங்க."

காத்தமுத்து சிரித்தார். "இதுக்கு டேப்பு பிடிக்க முடியாதுங்க. ஜங்ஷன்ல என்ஜின்கிட்ட நின்னு கடைசிப் பெட்டி கார்டைக் கூப்பிட்டா, மனுஷன் திரும்பிப் பாக்கறார் இல்லீங்களா? அவ்வளவுதான்."

"அந்த இரைச்சல்ல எங்கே கேக்கும்?"

"சரி, அதை விடுங்க. அம்மா மண்டபத்துப் படித்துறையில நின்னு நடு ஆத்துல குளிக்கறவனைக் கூப்பிடறோம். அப்படி வெச்சுக்குங்களேன்."

"தண்ணி மேல சத்தம் நல்லாப் போகும். இங்கே வாழை அடைச்சுக்கிட்டு நிக்குது."

தரகர் தலையைச் சொறிந்தார். "ஸ்ரீரங்கத்துல மொட்டைக் கோபுரத்தடியில நின்னுக்கிட்டு, உள்ளே அடுத்த கோபுர வாசல்ல பூ விக்கிறவளைக் கூப்பிட்டா..."

"ஆம்பளைத் தொண்டைக்கா, பொம்பளைத் தொண்டைக்கா?"

பொன்னுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இவர் ஏன் இப்படித் துருவுகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

அவருடைய மூத்த தாரம் சந்திரம்மாள் முசிறிப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில், கிணற்றில் விழுந்து செத்துப் போனவள். கல்யாணமான மறுநாளே அவர்தான் சொன்னார். "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தா. அம்மான்னு கூப்பிட்டா. கடைசியில என் பேரைச் சொல்லியே கூப்பிட்டா. ஒரு ஈ காக்காய்க்குக் கேக்கலை." புருஷன் பேரையே வாய்விட்டுச் சொன்னாள் என்றால் என்ன தவிப்புத் தவித்திருப்பாள் என்று பொன்னுத்தாய் அன்றைக்கெல்லாம் அழுதாள்.

"பேசிக்கிட்டே இருப்பானேன்?" என்றார் தரகர். "வாழைக்கு அந்தாண்ட ராக்கம்மாள்னு ஒரு பால்காரம்மா இருக்கு. உங்க வீட்டம்மாவையே கூப்பிடச் சொல்லிப் பாருங்க."

"கிணத்தடியில நின்னு கூப்பிடு," என்றான் அழகிரி.

"என்னன்னு கூப்பிடறதுங்க?" பொன்னுத்தாய் திணறினாள்.

"வீட்டுக்காரரைத்தாம்மா பேர் சொல்லக் கூடாது. ராக்கம்மாளைத் தாராளமாச் சொல்லு, அது ஒண்ணும் கோவிச்சுக்காது!" என்றார் தரகர்.

பொன்னுத்தாய் சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தாள். "அக்கா! ராக்கம்மாக்கா!"

"யாரது?" வாழைக்கு அப்பாலிருந்து உடனே பதில் வந்தது.

அழகிரி சிரிக்கவில்லை. "சமையல்கட்டுக்குள்ள போ. கதவைச் சாத்திக்கிட்டுக் கூப்பிடு."

உள்ளே இருட்டாக இருந்தது. பழைய புகை நாற்றம். கதவு சாத்தியதும் வெளிச்சத்தோடு வெளி உலகமே போய்விட்ட மாதிரி இருந்தது. விளையாட்டுக்குக் கூப்பிட வந்தவள் நிஜமாகவே அலறிவிட்டாள். "ராக்கம்மாக்கா!"

கதவைத் திறந்தபோது முற்றத்தில் ஒரு பெரிய உருவம் மூச்சிரைக்க நின்றது. கை விரல்களிலிருந்து பால் சொட்டியது.

"என்னம்மா ஆச்சு? பாம்பா?"

"ஒண்ணுமில்லக்கா. குடி வரப் போறோம்."

"வா தாயி, வா. நீ உள்ளே முனகினாக்கூட எனக்குக் கேட்டுடும். கறவையைப் போட்டுட்டு ஓடியாந்துட மாட்டேன்?" ராக்கம்மாள் அவள் கன்னத்தை ஈரக்கையால் தட்டிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனாள்.

பொன்னுத்தாய்க்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது. ரயிலையும் ஆற்றையும் கோபுரத்தையும் காட்டித் தரகர் சொன்னபோது புரியாதது இப்போது புரிந்தது. கூப்பிடு தூரம் என்றால், பால் கறந்த கை காய்வதற்குள் ஒரு மனுஷி வந்து நிற்கிற தூரம். அவ்வளவுதான்.

"இந்த வீட்டையே முடிச்சிடுங்க," என்றாள் புருஷனிடம் ஆசையாக.

"பாத்தீங்களா, மேஸ்திரி!" காத்தமுத்துவுக்கு வாயெல்லாம் பல். "கதவைச் சாத்தியும் கேட்டுதே! இதுக்கு மேல என்ன வேணும்?"

அழகிரி ராக்கம்மாள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தரகர் பக்கம் திரும்பி, சாவகாசமாகச் சொன்னான்.

"கேக்காத வீடா ஒண்ணு காட்டுங்க."