குழிவெட்டி வாய் திறந்தால்

காலை எட்டு மணிக்குத் தொடங்கிய பாதிரியாரின் குழி, பதினோரு மணிக்கு அவருடைய முழங்காலைக்கூட எட்டவில்லை.

மண்வெட்டியை அவர் வேதாகமம் மாதிரிப் பிடித்திருந்தார். இரண்டு கையாலும், மிகுந்த மரியாதையோடு.

நான் பத்தடி தள்ளிக் குந்தியிருந்தேன். எங்கள் ஊரில் குழி வெட்டுகிறவர்களைப் ‘பேரன்மார்’ என்போம். எனக்கே பேரன் இருக்கிறான். ஆனாலும் நான்தான் பேரன்மாருக்குத் தலைவன். அன்று வேலை செய்யாமல் இருப்பதற்காக வந்திருந்தேன். அதையும் யாராவது செய்ய வேண்டுமே.

வீட்டில் மக்ரே அம்மா, பாதிரியாரின் மனைவி, வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். காய்ச்சல், நாலே நாள். அக்டோபர் வெயிலில் உடம்பு தாங்காது. தலைநகர் லிலோங்வேயிலிருந்து சபைத் தலைவர்கள் மூன்று மணிக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் குழி வேண்டும்.

ஊரில் ஒருவரும் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்று முடிவாகியிருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் அப்பா இறந்தபோது, இரண்டு பெண்டாட்டிக்காரருக்குச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, ஜெபமும் இல்லை என்று மக்ரே பாதிரியார் சொல்லிவிட்டார். சட்டமாம், அவரே எழுதியது. அந்தச் சபைக் கோயிலுக்குக் கூரை மரம் அறுத்துக் கொடுத்ததே என் அப்பாதான். மரம் வாங்கும்போது எத்தனை பெண்டாட்டி என்று யாரும் கேட்கவில்லை.

‘அவர் வீட்டுச் சாவுக்கு அவரே தோண்டிக்கொள்ளட்டும்’ என்று ஊர் அன்றைக்கே சொல்லிவைத்திருந்தது. சபை மூப்பர்கள் ஏழு பேருக்கும் இன்று காலை ஒரே நேரத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

எனக்குத்தான் சிக்கல்.

எங்கள் வழக்கப்படி, சாவு வீட்டுக்காரரைக் கேலி பேசும் உரிமை குழி வெட்டுகிறவனுக்கு மட்டும்தான். அவன் என்ன சொன்னாலும் யாரும் கோபிக்கக் கூடாது. ஆனால் கேலி பேசியவன் தோண்டாமல் போகவும் கூடாது. போனால் அடுத்த சாவு அவன் வீட்டில்.

நானோ பிறவிக் கேலிக்காரன். மூன்று மணி நேரமாக நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாமரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்த சின்னம்மா, அப்பாவின் இரண்டாவது மனைவி, என் தாடை அசைவதைப் பார்த்துவிட்டாள்.

“டேய் பவுலெனி, வாயத் தொறந்த, இன்னிக்கு உனக்குக் களி கிடையாது. அது வாயா, ஆட்டுப்பட்டிப் படலா, தானாத் தொறந்துக்கறதுக்கு?”

பாதிரியார் நிமிரவில்லை. சற்று நேரத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, நீளம் சரியா என்று பார்க்க அந்தப் பள்ளத்தில் மல்லாந்து படுத்தார்.

மக்ரே அம்மா அவரைவிட ஒரு சாண் உயரம். குழி அவருக்கே போதவில்லை. பூட்ஸ் கால் இரண்டும் வெளியே நின்றன.

நான் என்ன செய்வேன்?

“ஐயா, உயிர்த்தெழற நாளைக்கு உங்க கால் மட்டும் முன்னாடியே கெளம்பிரும் போலருக்கே!”

மாமரத்தடியில் சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பாதிரியார் படுத்தபடியே இருந்தார். வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் கன்னத்து மண் சேறாக வழிந்துகொண்டிருந்தது.

எழுந்து வந்து மண்வெட்டியை என் காலடியில் வைத்தார். வெள்ளைக்காரரானாலும் முப்பது வருஷம் எங்களோடு இருந்தவர், வழக்கம் தெரியாதா?

இறங்கினேன். ஊரைப் பார்க்காமல் வெட்டினேன்.

இதுவரை நான் ஒன்றைச் சொல்லவில்லை. குழிவெட்டி முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். இடம்.

அந்தக் குழி கல்லறைத் தோட்டத்தில் இல்லை. வேலிக்கு வெளியே, என் அப்பாவைப் புதைத்த மேட்டுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. உள்ளே மண் இறுகிக் கிடக்கிறது, கிழவர் மெத்தென்ற இடம் தேடி வந்திருக்கிறார் என்று சின்னம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டியிருந்தேன். உள்ளே எத்தனையோ குழி வெட்டியவன் நான். அங்கே மண் வெண்ணெய் மாதிரி.

“இங்க எதுக்கு ஐயா?”

“அவதான் கேட்டா. ‘அந்த மனுஷர் ஒன்பது வருஷமாத் தனியாக் கெடக்குறாரு, என்னை அவர் பக்கத்துல வைங்க’ன்னு. கடைசி மூச்சு வரைக்கும் நான் வேணாம்னுதான் சொன்னேன், பவுலெனி.”

இடுப்பளவு குழியில் நின்றபடி மண்வெட்டியை ஊன்றினேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கேலி.

“அப்ப உங்களுக்கு எந்தப் பக்கம் தோண்டறது? எங்கப்பாவுக்கு அந்தாண்டையா, அம்மாவுக்கு இந்தாண்டையா?”

பாதிரியார் திரும்பி வேலியைப் பார்த்தார். அதன் முள்கம்பியில் காய்ந்த புல் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

“பாதிரிமாருக்கு உள்ளதான் எடம்” என்றார். “அந்தச் சட்டமும் நான் எழுதினதுதான்.”