மட்டையில் கட்டிய வெளிச்சம்

“லைட் பத்துதோ?” என்று கேட்டார் யோகலிங்கம்.

“பத்துது, பத்துது. என்ரை முகத்திலை பிடிக்காதேங்கோ, கண் கூசுது!” மனைவி பாலாம்பிகை கையால் முகத்தை மறைத்தாள்.

யோகலிங்கத்துக்குப் பரம திருப்தி. கிரிக்கெட் மட்டையின் முதுகில் பெரிய டோர்ச் லைட் ஒன்றை வைத்து, கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தார்.

ஊரைவிட்டு வந்து குடியேறிய தோர்ண்டன் ஹீத்தில் அவர்களுடைய தெருவில் அந்தக் குளிர்காலத்தில் பல வீடுகளில் கள்ளர் புகுந்துவிட்டார்கள். பாலாம்பிகைக்கோ முதியோர் இல்லத்தில் நைட் ஷிப்ட்.

“கள்ளன் வந்தா அறைக்கதவைப் பூட்டிப்போட்டுப் பொலிசுக்குப் போன் அடியுங்கோ. உந்த வீரமெல்லாம் வேண்டாமப்பா.”

“அமெரிக்காவிலை சுடுற துவக்கிலையே லைட் பூட்டி வைச்சிருக்கினமாம். றேடியோவிலை சொன்னவங்கள். முகத்திலை வெளிச்சம் அடிச்சா, பின்னாலை நிக்கிறது ஆர் எண்டு கள்ளனுக்குத் தெரியாது. ராட்சதன் எண்டு நினைச்சுப் பயப்பிடுவான்.”

“ஓம் ஓம், அஞ்சடி ராட்சதன்!” சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

அந்த வாரமே கள்ளன் வந்தான்.

கீழே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டதும் யோகலிங்கம் துள்ளி எழுந்தார். தனியாள். மட்டையை எடுத்துக்கொண்டு, கிறீச்சிடும் படியில் கால் வைக்காமல் தாண்டி, பூனைபோல இறங்கினார். முன்னறையில் யாரோ வீடியோ டெக்கின் வயரை இழுக்கும் சத்தம்.

லைட்டை அமுக்கினார்.

“அசையாதே! கையைத் தூக்கு!” என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

“தூக்கிவிட்டேன் சார்!” என்றான் கள்ளன். “லைட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை!”

“தெரியத் தேவையில்லை. அப்படியே நிலத்தில் குந்து. அசைந்தால் மண்டை பிளக்கும்.”

அவன் குந்தினான். யோகலிங்கம் மட்டையை நீட்டியபடியே, இடக்கையால் டெலிபோனைத் தடவி எடுத்துப் பொலிசைக் கூப்பிட்டார்.

காத்திருந்தார்கள். ஒருமுறை கள்ளன் தும்மினான். வெளிச்சம் உடனே நேராக அவன் மூக்கில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அவன் மூச்சுவிடக்கூடப் பயந்தான்.

பொலிஸ்காரர் வந்து அறை விளக்கைப் போட்டு, கள்ளனுக்கு விலங்கு மாட்டினார். யோகலிங்கத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“பிரமாதம் சார்! இனி, நீங்கள் கண்டதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.”

“கேட்டதைச் சொல்லலாம் ஐயா. காண்பது ஏலாது. ஊரில் யுத்தத்தில் ஷெல் விழுந்ததோடு இரண்டு கண்ணும் போய்விட்டது.”

கள்ளன் வாயைப் பிளந்தான்.

“அப்படியென்றால் அந்த லைட்?”

“அது எனக்கில்லை,” என்றார் யோகலிங்கம். “உனக்கு.”