பிளாஸ்திரிச் சம்பந்தம்

“அடடா, புது மூக்கா! வாழ்த்துகள், வாழ்த்துகள்! யாரு கைவேலை?”

தேநீர்த் தட்டோடு வந்த யெகானேயின் முகத்தில் மாப்பிள்ளையின் தாய் மஹ்லகா கானூம், அதாவது மஹ்லகா அம்மாள், பார்த்தது அந்த வெள்ளைப் பிளாஸ்திரியை மட்டும்தான். தெஹ்ரானில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் மூக்கு, முழி அப்புறம். கத்தி வைத்துச் செதுக்கிய மூக்கு அங்கே அந்தஸ்து; பிளாஸ்திரி அதற்குச் சாட்சி.

“டாக்டர் சபூரி,” என்றாள் யெகானே, தலையைக் குனிந்து.

“சபூரியா! அவர்கிட்ட நேரம் கிடைக்கிறதே குதிரைக்கொம்பாச்சே! இதோ, எங்க கீவானுக்கும் இப்பத்தான் ஆச்சு.”

சோபாவின் ஓரத்தில் அவள் மகன் கீவான். நெஞ்சில் குத்த வேண்டிய பதக்கத்தை மூக்கில் குத்தியதுபோல அவனுக்கும் ஒரு பிளாஸ்திரி.

யெகானேயின் பிளாஸ்திரிக்குக் கீழே இருந்தது பிறந்தபோது கொண்டுவந்த அதே மூக்கு. அம்மா மஷ்ஹதுக்கு யாத்திரை போயிருந்தபோது, மருந்துக்கடைத் தோழி ஒட்டிவிட்டது அது. கண்ணுக்குக் கீழே கன்றியிருந்தது வெறும் ஊதா மை. வீங்கிய மூக்கோடு மகளைக் கல்யாணப் படத்தில் நிறுத்த எந்த அம்மாவும் சம்மதிக்க மாட்டாள். வீக்கம் முழுக்க வடிய ஒரு வருஷம் ஆகும். அம்மா பிடித்துவரும் மாப்பிள்ளைகளிடமிருந்து அந்த ஒரு வருஷம் தப்பினால் போதும் என்றிருந்தாள். ‘பார்த்து வைப்பதில் என்ன தப்பு’ என்று அம்மா இவர்களை வரவழைத்துவிட்டாள்.

“எம் பொண்ணைப் பாருங்க, கண்ணு ரெண்டும் கத்திரிக்காயாக் கன்னிப்போச்சு,” என்றாள் அம்மா ஃபரீபா பெருமையாக. “பெரிய டாக்டர்னா சும்மாவா?”

“எங்க கீவானுக்கு ஒரு பொட்டுகூடக் கன்னலையே! ரத்தம் சுத்தமா இருந்தாக் கன்னாது கானூம். எங்க வம்சமே அப்படி.”

ஃபரீபாவின் முகம் கன்றியது. மஹ்லகா கானூம் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

“தலையை உயர்த்தி வச்சுத்தானேம்மா படுக்கிறே?”

“ஆமா கானூம். ரெண்டு தலைகாணி.”

“மூக்கைச் சிந்தறதில்லையே?”

“மூச்சே மெதுவாத்தான் விடுறேன்.”

“தும்மல் வந்தா?”

“வாயைத் திறந்துட்டுத் தும்மறேன்.”

“நுனி மரத்துப்போயிருக்குமே?”

“கட்டை மாதிரி இருக்கு.”

தோழி சொல்லிக்கொடுத்த பாடம் கைகொடுத்தது. மஹ்லகா கானூம் குளிர்ந்துபோனாள். “சமர்த்து! சில பேரு கட்டைப் பிரிச்ச அன்னைக்கே கண்ணாடியைப் பார்த்து ஒப்பாரி வைக்கிறாளுங்க. மூக்குக்குப் பொறுமை வேணும். எம் மூத்த மருமகளுக்கு வடிஞ்சு வடிஞ்சு, இப்பப் பக்கவாட்டுல பார்த்தா மூக்கே தெரியாது. அவ்வளவு அழகு!”

நிம்மதியில் யெகானே ஒரு பிஸ்தாவை வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள்.

“ஐயோ, துப்பு துப்பு! கெட்டியானதைக் கடிக்கலாமா?”

துப்பினாள். கீவான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சரி, பிள்ளைங்க தனியாக் கொஞ்சம் பேசட்டும்,” என்றாள் ஃபரீபா அவசரமாக. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இருவரையும் பக்கத்து அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

“இங்க பாருங்க,” என்று யெகானே முந்திக்கொண்டாள். “உங்க மேல ஒண்ணும் குறையில்லை. எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். மூக்கைச் சாக்கு வச்சு ஒரு வருஷம் தள்ளிப்போடப் போறேன்.”

“நல்லதாப் போச்சு. நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

சொன்னவன், வந்த தும்மலை அடக்காமல் அறையே அதிரத் தும்மினான். பிறகு பிளாஸ்திரியைக் கண்ணாடி கழற்றுவதுபோலக் கழற்றி மேஜைமேல் வைத்து, கைக்குட்டையை எடுத்துச் சாவகாசமாகச் சிந்தினான்.

கத்தி என்ன, கொசுகூடக் கடித்திராத, மலைமுகடு மாதிரி ஒரு மூக்கு.

“இது... யாரு கைவேலை?”

“எங்கப்பா,” என்றான் கீவான். “ஒட்டிவிட்டது எம் பல் டாக்டர் நண்பன். அம்மா காட்டுற பொண்ணுங்க எல்லாரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி வர்றாங்க. போன வாரம் பார்த்தவளையே மறுபடியும் பார்க்கிறேனோன்னு பயமாயிடுது. நீங்க சபூரியோட ஆளு. தயவுசெஞ்சு காட்டிக்கொடுத்துடாதீங்க.”

யெகானே கட்டைவிரலால் தன் கண்ணுக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்தாள். ஊதா மை விரலோடு வந்தது. பிளாஸ்திரியையும் பிய்த்து, அவனுடையதன் பக்கத்தில் வைத்தாள்.

கீவான் அவள் மூக்கைப் பார்த்தான். அவள் அவன் மூக்கைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. அவன் சட்டைப்பையில் சுருட்டி வந்திருந்த பிஸ்தாவை ஆளுக்குப் பாதியாகக் கடித்துத் தீர்த்தார்கள். வேலை, சினிமா, அப்பாக்களின் குறட்டை எல்லாம் பேசினார்கள். வெளியே அம்மா தொண்டையைச் செருமியபோது இருவருக்கும் எழுந்திருக்க மனமில்லை.

“அந்த ஒரு வருஷம்...” என்று இழுத்தான் கீவான்.

“எதுக்கு? வர்ற மாசமே வச்சுக்கலாம்னு சொல்லுவோம்,” என்றாள் யெகானே, அவன் பிளாஸ்திரியை நேராக ஒட்டிவிட்டபடி. தன்னுடையதையும் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கீழே மையையும் சரிசெய்துகொண்டாள்.

கூடத்தில் இரண்டு தாய்மார்களும் ஒருவர் வாயில் ஒருவர் இனிப்பு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க கண்ணுங்களா! முகத்தைப் பார்த்தாலே தெரியுது, பிடிச்சுப்போச்சு! சம்பந்தம் முடிஞ்சது!” என்றாள் மஹ்லகா கானூம். “ஆனா உங்களுக்கு நாங்க ஒரு அவசரமும் கொடுக்கமாட்டோம். ரெண்டு மூக்கும் நல்லா வடிஞ்சு வடிவத்துக்கு வரட்டும். அதுவரைக்கும் நீங்க ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கக்கூட வேண்டாம்; வீங்கின மூக்கு மனசுல பதிஞ்சுடும். கல்யாணம் அடுத்த வருஷம் இதே நாள்!”

“ஒரு வருஷமா!” என்று இரண்டு பிளாஸ்திரிகளுக்கும் பின்னாலிருந்து ஒரே அலறல் கேட்டது.